கற்பூரம் காட்டி எண்ணிய பணம்

அவர் பேரை எழுத மாட்டேன். எழுதினால், "அவரா, தங்கமான மனுஷனாச்சே" என்று ஊரில் பாதிப் பேர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். தங்கமான மனுஷன்தான், இல்லையென்று நானும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திருடனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு, ஏகாம்பரநாதர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பேன்.

ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே ஒரு புங்கமரம் இருந்தது. அதன் நிழலில் சாய்வுப் பலகை போட்டுக்கொண்டு பத்திரம் எழுதுகிறவர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் அவருக்குத்தான் கூட்டம் அதிகம். நெற்றி நிறைய விபூதி. காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா. யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், தறி ஓடுகிறதா, மழை எப்படி என்று விசாரிப்பார். அப்புறம் குரலைத் தாழ்த்தாமல், கூச்சமில்லாமல், சந்தையில் கத்திரிக்காய் விலை கேட்கிற மாதிரி கேட்பார்:

"எழுதறதுக்கு எவ்ளோ, கைக்கு எவ்ளோ?"

வீடு நிலம் வாங்கினவர்களுக்கு இது புரியும். புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டைப் பத்தாயிரத்துக்குப் பேசி முடிப்பார்கள். பத்திரத்தில் நாலாயிரம் என்று எழுதுவார்கள். மீதி ஆறாயிரம் ரொக்கமாகக் கைமாறும். வாங்குகிறவனுக்கு முத்திரைத்தாள் செலவு மிச்சம். விற்கிறவனுக்கு அந்த ஆறாயிரம் வந்ததாகவே எங்கும் இல்லை, வரி கேட்க ஆளில்லை. அரசாங்கத்துக்கு மட்டும் நாமம் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

அவருக்கு எதிலுமே இரண்டு கணக்கு உண்டு. ஒரு நாள் அவர் பையன் மதியச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினான். "பையனுக்கு இன்னா வயசு ஐயா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "பள்ளிக்கூடத்துல எட்டு, வீட்டுல ஒம்பதரை" என்றார். "உங்களுக்கு?" என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்குபா கொறைக்கணும், நான் இன்னா கவர்மெண்டு உத்தியோகமா" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஆனால் காசுக்கு ஆசைப்பட்டவர் இல்லை. தறிக் கடனுக்கு மனு எழுத நான் முதன்முதலாகப் போனபோது முழுப்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, நான் நீட்டிய எட்டணாவைத் திருப்பித் தந்தார். "பாவு போட்டு, பொடவை அறுத்து, கூலி வாங்கினப்பறம் குடு தம்பி" என்றார். அப்புறம் கொடுத்தபோதும் வாங்கவில்லை. ஆதரவில்லாத பெண்களுக்கு, கண் தெரியாதவர்களுக்கு அவர் சும்மா எழுதிக் கொடுத்த மனுக்களுக்குக் கணக்கே கிடையாது. அந்த நன்றியில்தான் நான் கெட்டேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. மற்ற எழுத்தர்களிடம் அது கிடையாது. ஆபீசை ஒட்டிச் சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில். எழுதாத பணத்தை அந்தப் பிள்ளையார் முன்னால் வைத்துத்தான் எண்ணச் சொல்வார். தன் காசில் கற்பூரம் வாங்கி ஏற்றுவார். வாங்கினவனும் விற்றவனும் கற்பூரத்தின் மேல் கை காட்டி, "இவ்வளவு கொடுத்தேன்", "இவ்வளவு வாங்கினேன்" என்று சொல்ல வேண்டும். "எழுதினதுக்கு ரிஜிஸ்தரார் சாட்சி, எழுதாததுக்குச் சாமி சாட்சி. எது பெருசுன்னு நீயே சொல்லு" என்பார். யாரால் என்ன சொல்ல முடியும்? வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்திமான்" என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரு தடவை பட்டு ஜவுளி முதலாளி ஒருவர் பெரிய வீடு வாங்கினார். புடவை வைக்கிற அட்டைப் பெட்டியில் நோட்டுக் கட்டுகள் வந்தன. பிள்ளையார் எதிரே துண்டு விரித்து ஒரு மணி நேரம் எண்ணினார்கள். நான் வெளியே நின்றிருந்தேன். ஒரு அம்மா கையில் விளக்கோடு வந்து காத்துக்கொண்டிருந்தாள். பத்திரக்காரர் அவளைப் பார்த்து, "அம்மா, பின்னாடிப் பக்கமா சுத்தி வந்து கும்பிட்டுக்க. இங்க ஒரு சுபகாரியம் நடந்துக்கினு இருக்குது" என்றார். பணத்துக்கு மறைவாகப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா சுற்றி வந்து பின்சுவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா காலமான பிறகு அக்கா சாப்பாட்டுக் கடை வைத்துப் பிழைத்தாள். பிள்ளை குட்டி கிடையாது. கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம். சமையல் வாடகை வீட்டில். வாடகை வீட்டுக்காரர்கள் யாரும் அவளை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. புகை சுவரைக் கெடுக்கிறது என்பார்கள், விடியற்காலை ஆட்டுக்கல் சத்தம் தூங்கவிடவில்லை என்பார்கள். ஒவ்வொரு தடவையும் கைவண்டியில் ஆட்டுக்கல்லை ஏற்றி நான்தான் தள்ளிக்கொண்டு போவேன். "யாரும் அணைக்கச் சொல்லாத அடுப்பு ஒண்ணு வேணும்டா எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்" என்பாள்.

பதினாலு வருஷத்தில் ஒன்பதாயிரம் சேர்த்தாள். சீட்டுக் கட்டினாள், தோடு தவிர நகையை விற்றாள். செவிலிமேட்டில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. கிணறு, பின்னால் இரண்டு தென்னை. விற்றவர் முசரவாக்கத்து ஆள், நெல் வியாபாரி. பேசி முடித்தது சரியாக ஒன்பதாயிரம்.

அப்போது கடைத் தெருவில் ஒரு பேங்க் இருந்தது. அங்கே வேலை பார்த்த பிள்ளை ஒருவன் அக்கா கடையில் தினமும் சாப்பிடுவான். அவன் சொன்னான்: "அம்மா, கணக்கு ஆரம்பிச்சி பணத்தைப் போட்டுட்டு, பேங்க் மூலமாவே குடுத்துடுங்க. முழுசா எழுதச் சொல்லுங்க." அக்காவுக்கு அது சரியென்று பட்டது. பத்திரக்காரரிடம் போய்க் கேட்டோம்.

அவர் சிரித்தார். "பேங்க்ல போட்டா ஊருக்கே தெரியும்மா. இட்லிக் கடைக்காரிக்கு ஏது இவ்ளோ பணம்னு நாளைக்கு எவனாவது வந்து நிப்பான். முழுசா எழுதினா முத்திரைக்கு எவ்ளோ ஆவும் தெரியுமா? அந்தக் காசுல நீ கூரையை மாத்திக்கலாம்."

நெல் வியாபாரி பக்கத்திலேயே இருந்தார். "காகிதத்தை வாங்கிக்கினு நான் இன்னா பண்றது? ரொக்கம்னா இன்னிக்கே முடிச்சிக்கலாம். இல்லாட்டி வேற ஆளு இருக்குது" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் படித்தவன் அல்லவா, ஐந்தாவது வரைக்கும். "ஐயா சொன்னா சரியா இருக்கும் அக்கா" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

எழுதுவதற்கு மூவாயிரத்து ஐந்நூறு. கைக்கு ஐயாயிரத்து ஐந்நூறு.

பிள்ளையார் முன்னால் துண்டை விரித்து எண்ணினோம். பெரும்பாலும் ஐந்து, பத்து ரூபாய் நோட்டுகள். "நோட்டுல பெருங்காய வாசனை அடிக்குதே" என்று நெல் வியாபாரி மூக்கைச் சுளித்தார். "அது என் வாசனைங்க. கழுவித் தர முடியாது" என்றாள் அக்கா. கற்பூரம் எரிந்தது. நெல் வியாபாரி கை காட்டி, "ஐயாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கினேன்" என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பத்திரக்காரர் மூன்று பேருக்கும் விபூதி பூசிவிட்டார். எழுதின மூவாயிரத்து ஐந்நூறையும் கொடுத்துவிட்டு ஆபீசுக்குள் போனோம். "கிரயப் பணம் முழுக்க வந்துட்டுதா?" என்று ரிஜிஸ்தரார் கேட்டார். "வந்துட்டுதுங்க" என்றார் நெல் வியாபாரி. மூவாயிரத்து ஐந்நூறு என்று எழுதிய பத்திரத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எங்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தவர்கூடப் பத்திரக்காரர்தான்.

இரண்டு வருஷம் அக்கா அந்த வீட்டில் நன்றாக இருந்தாள். அடுப்பை அவளே மண் குழைத்துப் போட்டாள். என் பிள்ளைகள் கிணற்றடியை விட்டு வர மாட்டார்கள்.

பிறகு நெல் வியாபாரியின் தம்பி பம்பாய் மில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். அந்த வீடு அப்பா காலத்திலேயே தன் பாகத்துக்கு விட்டது, அண்ணனுக்கு விற்க உரிமையில்லை என்று கேஸ் போட்டார். அவரிடம் அதற்குக் காகிதமும் இருந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் சொத்தை அவர் கேட்டார். வீடு போகும் என்று எங்கள் வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார். "விற்றவன் பணத்தைத் திருப்பித் தரணும், அதை விடாமல் வாங்கிடலாம்" என்றார். எவ்வளவு பணம் என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஒன்பதாயிரம் வந்தால் அக்கா வேறு வீடு வாங்குவாள். மூவாயிரத்து ஐந்நூறு வந்தால் மறுபடியும் வாடகை வீடு.

நான் கூண்டில் ஏறினேன். நெல் வியாபாரியின் வக்கீல் பத்திரத்தைக் காட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுங்க."

"படிச்சிப் பார்த்துத்தானே போட்டே?"

"ஆமாங்க. ஆனா குடுத்தது ஒம்பதாயிரங்க."

"மீதிக்கு ரசீது இருக்குதா?"

"ரசீது இல்லிங்க. பிள்ளையார் முன்னாடி கற்பூரம் ஏத்தி எண்ணினோங்க. வீடு வித்தவரு கை காட்டி சத்தியம் பண்ணாருங்க."

"அப்போ பிள்ளையாருக்கு சம்மன் அனுப்பச் சொல்லட்டுமா?"

கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற டவாலிச் சேவகர்கூடச் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சாமியைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு வழி பண்ணினவன் நான், எனக்கு வழி காட்டினவர் அவர்.

முன்சீப் சிரிக்கவில்லை. நல்ல மனுஷர். "பொய்யின்னு தெரிஞ்சே ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்கே. இப்போ நீ சொல்றது நிஜம்னு நான் எதை வெச்சி நம்பறது?" என்று கேட்டார். கூண்டை விட்டு இறங்கினேன்.

அடுத்துப் பத்திரக்காரரைக் கூப்பிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. எட்டணா வாங்காத மனுஷன், கற்பூரம் ஏற்றின கை, சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அக்கா முந்தானைக்குள் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றாள். அவர் கடவுள் சாட்சியாகச் சொல்வதாகப் பிரமாணம் எடுத்தார். புங்கமரத்தடியில் பத்திரத்தைப் படித்துக் காட்டுகிற அதே குரலில் சொன்னார்:

"பத்திரத்துல கண்டபடி கிரயம் மூவாயிரத்து ஐந்நூறுங்க. வேற எதுவும் எனக்குத் தெரியாதுங்க."

வெளியே வராந்தாவில் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. "விடு தம்பி. நான் நெசத்தைச் சொன்னா என் லைசென்சு போவும். அது போனாப் போவுது. இருவது வருஷமா நான் எழுதினது எல்லாம் சந்திக்கு வரும். எத்தினி குடும்பம் அதுல இருக்குது தெரியுமா உனக்கு?" என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அவர் சொன்னதும் நிஜம்தான். ஊரே அந்த ஒரு பொய்யில் குடியிருந்தது. அதை இழுத்தால் எல்லோர் கூரையும் சரியும், ஆகவே என் அக்கா கூரை மட்டும் சரியட்டும் என்று முடிவு செய்தார். அந்த முடிவைச் செய்ய இவர் யார்?

தீர்ப்பு வந்தது. வீடு தம்பிக்கு. அக்காவுக்கு மூவாயிரத்து ஐந்நூறும் கொஞ்சம் வட்டியும். மீதிப் பணம் இந்த உலகத்தில் இருந்ததே இல்லை என்று ஆகிவிட்டது. முத்திரைத்தாளில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காக.

பெரிய தொகையை ரொக்கமாகக் கொடுக்க விடக்கூடாது என்று யாராவது பேச்செடுத்தால் எங்கள் தெரு டீக்கடையில் இப்போதும் கத்துகிறார்கள். "என் பணம், நான் ரொக்கமா குடுப்பேன், கவர்மெண்டுக்கு இன்னா வந்துது?" என்கிறார்கள். அரசாங்கத்துக்குப் போனது முத்திரைத்தாள் காசு மட்டும்தான். வீடே போனது என் அக்காவுக்கு. தறிக்காரனுக்கு வாரக் கூலி ரொக்கமாகத்தான் வேண்டும், கீரைக்காரிக்குச் செக் எழுத முடியாது, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன் பேங்க் திறக்கும் வரை காத்திருக்க முடியாது. அதெல்லாம் எனக்கும் தெரியும். அதை யார் தடுக்கச் சொன்னது? ஒரு வீடு, ஒரு காணி நிலம், ஒரு மனுஷியின் பதினாலு வருஷம், இதைத் துண்டில் விரித்து எண்ணி வாங்கக் கூடாது என்று ஒரு சட்டம் அன்றைக்கு இருந்து, அதைக் கண்டிப்பாகப் பார்க்க ஆளும் இருந்திருந்தால், அந்த நெல் வியாபாரி பேங்க் வாசலில் வந்து நின்றிருப்பார். பணம் கொடுத்ததற்கு ஒரு காகிதமாவது இருந்திருக்கும். சாமி கும்பிடுவதற்கு இருக்கிறார். ரசீது கொடுப்பதற்கு அல்ல. இதைச் சொன்னால் என்னை நாத்திகம் பேசுகிறான் என்கிறார்கள். காலையும் மாலையும் கோயிலுக்குப் போகிறவன் நான்.

வீட்டைக் காலி செய்த நாள். காலை பத்து மணி இருக்கும். பாத்திரம், அண்டா, ஆட்டுக்கல் எல்லாம் கைவண்டியில் ஏறிவிட்டன. அக்கா உள்ளே போய், தானே போட்ட அடுப்பைத் தண்ணீர் தெளித்து மெழுகிவிட்டு வந்தாள். "வரவங்க சமைக்கணுமேடா" என்றாள். அப்போது அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நெற்றி நிறைய விபூதி. சட்டைப் பையிலிருந்து ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"வெச்சிக்கம்மா. என் சம்பாத்தியம். வேற யார் பணமும் இல்ல."

"வாங்காதே அக்கா" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். "ஐந்நூறு சரியா இருக்குது. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க ஐயா."

"சீட்டு எதுக்குமா? நானா மனசார குடுக்கறேன். திருப்பிக் கேக்கவா போறேன்?"

"கேக்க மாட்டீங்க, தெரியும். இன்னாத்துக்குக் குடுத்தீங்கன்னு எழுதுங்க. ஒம்பதாயிரம் குடுத்து வாங்கின வீடு இவளுக்குப் போயிடுச்சி, அதுக்காகக் குடுத்தேன்னு. அவ்ளோதான். அடியில உங்க கையெழுத்து."

அவர் சிரித்தபடி என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. சைக்கிளில் தொங்கிய பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வண்டிச் சட்டத்தின் மேல் வைத்தார். பேனா மூடியைக் கழற்றிப் பிள்ளையார் சுழி போட்டார். அதற்குப் பிறகு கை ஓடவில்லை. ஒரு மூச்சில் நாலு பக்கம் எழுதுகிற கை. பேனா முனை தாளைத் தொட்ட இடத்தில் மை ஊறிப் பரவியது.

"அம்மா, இத்த எழுதினா..."

"தெரியும் ஐயா."

"வேற எதனா எழுதித் தரட்டுமா? கைமாத்துன்னு?"

"வேணாம். நான் உங்ககிட்ட கைமாத்து கேக்கலியே."

அவர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். பேனாவை மூடினார். அக்கா அந்த ஐந்து நோட்டுகளையும் அவர் கையில் திருப்பி வைத்தாள்.

"எண்ணிக்கங்க ஐயா."

அவர் எண்ணிப் பார்த்துத்தான் வைத்துக்கொண்டார்.